ஹெலன் அடித்த பாட்டுகள்

என் அம்மா ஹெலன் சகுந்தலா, பெங்களூர் சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு கடையில் கணினியில் தட்டச்சு செய்தார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் அடிப்பார். மாப்பிள்ளையின் பெயரை ஒருமுறைகூடத் தப்பாக அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. பெண்ணின் பெயரை ஒருமுறை அப்படி அடித்திருக்கிறார். "பொண்ணு வீட்டுக்காரங்க நல்லவங்க, பேஜார் பண்ணல" என்பார்.

அப்பா லாயிட், தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கிருந்த இயந்திரம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. நான் கல்லூரிக்குப் போன காலத்தில், எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால்தான் அவருக்குப் புரியும். வேலைக்குப் போனதும் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். சபையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் பெரிதாகக் கேட்கிறது என்றார். அது இப்போது அலமாரியில் இருக்கிறது.

எங்கள் சபை பிரேசர் டவுனில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை. பாட வேண்டிய பாட்டின் எண்ணைப் பாஸ்டர் வாயால் அறிவிப்பார். அப்பாவுக்கு அது கேட்காது. பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்து, தன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் முதல் சரணம் முடிந்துவிடும். நாளடைவில் தேடுவதை விட்டுவிட்டார். புத்தகத்தை மூடியபடி மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பாடி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகுதான் அம்மா பாட்டுகளைக் கணினியில் அடிக்கத் தொடங்கினார். சபையில் ஒரு புரொஜெக்டர் பயன்படாமல் கிடந்தது. என் அலுவலகம் கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்றை நான் கொண்டுவந்து கொடுத்தேன். கறுப்புப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்துகள். அவ்வளவுதான். படம் எதுவும் கிடையாது. ஞாயிறுதோறும் பக்கங்களை அவரே மாற்றினார்.

"ஆன்ட்டி, பின்னாடி ஒரு பூவாவது வைங்களேன்" என்று பாட்டுக் குழுப் பெண்கள் கேட்டார்கள்.

"பூ பாக்கணும்னா ரஸல் மார்க்கெட்டுக்குப் போங்கடி. இங்க பாட வாங்க" என்றார் அம்மா.

அப்பா மறுபடியும் பாடினார். மெட்டு ஏறக்குறைய சரியாக இருக்கும். சத்தம் மிக அதிகம், ஏனென்றால் அவருக்கே அது கேட்காது. வேறு சபைகளுக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்தால் வழியெல்லாம் குறை சொல்வார். எல்லோருடைய வாயும் மிக வேகமாக அசைகிறதாம். "பஸ் பிடிக்கப் போறவங்க மாதிரி பாடறாங்க. நம்ம சபையிலதான் நிதானமா, மரியாதையா பாடறாங்க."

அம்மா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சிரிப்பது அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

அம்மா மழைக்காலத்தில் போனார். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றே. சமையலறை மேடையில் ஊறவைத்த அரிசி இருந்தது. அதை யாரும் அரைக்கவில்லை.

அதன் பிறகு டென்சில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டான். அவன் என்னுடன் பள்ளியில் படித்தவன், சபையில் கீபோர்ட் வாசிப்பவன். இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டு பக்கம் மாற்றுவது முடிகிற காரியம் இல்லை. லேப்டாப்பும் தளர்ந்துவிட்டது. அதிலிருந்த விண்டோஸுக்குப் புதுப்பிப்புகள் நின்றுபோயிருந்தன. அடுத்த விண்டோஸை ஏற்கும் வலு அந்த வன்பொருளுக்கு இல்லை. ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில் திரை நீலமாகி நின்றது.

கமிட்டியார் ஒரு பெரிய டிவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இணையத்திலிருந்து பாட்டு வீடியோக்களை இறக்கி ஓட்டினார்கள். மலை, அருவி, பறக்கும் புறா. வரிகள் கீழே சின்னதாக, மஞ்சளில். வீடியோ யாருக்காகவும் நிற்பதில்லை. நான் மூன்றாம் வரிசையிலிருந்து அப்பாவைப் பார்த்தேன். புத்தகம் மூடியபடி மடியில் இருந்தது.

பாஸ்டரிடம் போய், லேப்டாப்பைச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"தாராளமா செய்யுங்க, சுனில்" என்றார். "இந்த சண்டே ஓட்டிப் பாப்போம். ஒழுங்கா ஓடினா உங்க அம்மாவுதே இருக்கட்டும். நடுவுல நின்னுச்சுன்னா கமிட்டியில டிவியே போதும்னு முடிவு பண்ணிடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தேன். நான் சர்வர்களைப் பராமரிப்பவன். அலுவலகத்தில் நாள் முழுவதும் லினக்ஸ்தான். விண்டோஸுக்குப் பதிலாக, பழைய கணினியிலும் ஓடும் இலேசான லினக்ஸ் ஒன்றை இறக்கி, ஒரு பென்டிரைவில் எழுதினேன். சும்மா நகல் எடுத்துப் போட்டால் போதாது. கணினி கண் விழிக்கும்போதே அந்த பென்டிரைவிலிருந்து விழிக்கும்படி எழுத வேண்டும்.

அதற்கு முன் அம்மாவின் பாட்டுகளை எல்லாம் இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டேன். நகல் சரியாக இருக்கிறதா என்று அதே லேப்டாப்பில் திறந்தும் பார்த்தேன். சரியாக இருந்தது.

முதலில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பார்த்தேன். வைஃபை பிடித்தது. புரொஜெக்டர் கேபிளைச் செருகினால் சுவரில் திரை விரிந்தது. மவுஸின் அம்பு தயங்காமல் ஓடியது. திருப்தியாக இருந்தது. நிறுவும் பொத்தானை அழுத்தினேன். பழைய விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவா, வன்வட்டை முழுவதும் அழித்துவிடவா என்று கேட்டது. வட்டு சிறியது. அழி என்றேன்.

அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் நீளும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, வீடு காலி பண்ற மாதிரி இருக்கு?" என்றார். அவர் பேசினால் கீழ் வீட்டுக்கும் கேட்கும்.

நான் முகம் காட்டிச் சொன்னேன். "ஆமாம்பா. பழைய குடித்தனக்காரனை அனுப்பறேன்."

"அட்வான்ஸை முழுசா குடுத்தியா, இல்ல பெயின்ட்டுக்குன்னு பிடிச்சுக்கிட்டியா?"

பெங்களூரில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவரின் கேள்வி. அம்மா போன பிறகு அவர் அடித்த முதல் நகைச்சுவை அது. நான் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.

பட்டை முடிந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னது. தொடங்கினேன். காபி ஆறுவதற்குள் திரை வந்துவிட்டது. பழையபடி என்றால் ஒரு பாட்டே முடிந்திருக்கும். அம்மாவின் பாட்டுகளை உள்ளே போட்டு ஒன்றைத் திறந்தேன்.

திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள், கமா, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சிந்திக் கிடந்தன. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது உங்கம்மா என்னைத் திட்டி எழுதினதா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா பாட்டுகளை அடித்தது அச்சகத்தின் பழைய ஃபாண்டில். அந்தக் காலத்து ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் நாற்காலிகளில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. ஃபாண்ட் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் வெறும் நாற்காலிகள்தான். நான் பாட்டுகளை நகல் எடுத்தேன். ஃபாண்ட் விண்டோஸின் வயிற்றுக்குள் இருந்தது. அதை எடுக்கவில்லை. அதே லேப்டாப்பில் சோதித்ததால், எடுக்காதது தெரியவும் இல்லை. இப்போது விண்டோஸ் இல்லை.

அழித்த வட்டிலிருந்து மீட்க முயன்றேன். புதிய அமைப்பு அந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இணையத்தில் அதே காலத்து ஃபாண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பாதி எழுத்து சரியாக வந்தது. ககரம் வர வேண்டிய இடத்தில் கொம்பு வந்தது. அச்சகத்து முதலாளி யாரையோ வைத்துத் தன் கடைக்கென்று மாற்றிய ஃபாண்ட் அது. கடையின் பெயர்தான் அதற்கும் பெயர். இணையத்தில் கிடைக்காது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். காது கேட்காதவர்கள் முகத்தை நன்றாகப் படிப்பார்கள்.

"பழைய குடித்தனக்காரன் போகும்போது எதையோ எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

"ஆமாம்பா."

"அப்ப நாளைக்கு டிவிதான்."

"இல்லப்பா. இருங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டும் சத்தம் கேட்டது. நாளைக்கு மடியில் வைத்துக்கொள்ள.

இரண்டு பென்டிரைவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். இப்போது அங்கே பிளெக்ஸ் பேனர்கள்தான் அதிகம். முன்னறையில் வீணா அக்கா இருந்தார். நீலசந்திராவிலிருந்து வருபவர். அம்மாவின் பக்கத்து நாற்காலியில் வெகுகாலம் உட்கார்ந்தவர்.

"வா சுனிலு. சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன்கா."

"பொய். மூஞ்சியே சொல்லுது." டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். சித்ரான்னம். "தின்னுட்டுப் பேசு."

தின்றுகொண்டே சொன்னேன். வீணா அக்கா தலையில் கை வைத்தார்.

"அந்த ஃபாண்டா? எங்க புது சிஸ்டத்துலயே கெடயாதுப்பா. உள்ள ஒரு கிழட்டு சிஸ்டம் இருக்கு பாரு, அதுல மட்டும்தான். பழைய கஸ்டமர் யாராவது அதே எழுத்துல பத்திரிக கேட்டா ஆன் பண்ணுவோம். தொட்டா ஓனர் கத்துவாரு."

"ஓனர் எங்கக்கா?"

"டீக்குப் போயிருக்காரு. அவருக்கு ஒரு டீ, நாலு கதை. ஜல்தி வா."

அந்தக் கணினியின் மேல் பழைய காலண்டர் தாள்களைப் போர்த்தி வைத்திருந்தார்கள். விலக்கி, பொத்தானை அமுக்கினோம். முனகிக்கொண்டு எழுந்தது. பென்டிரைவைச் செருகினேன். இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. லினக்ஸ் எழுதிய பென்டிரைவைச் செருகியிருந்தேன். இரண்டும் ஒரே நிறம். மாற்றிச் செருகினேன்.

ஃபாண்ட் இருந்தது. மிகச் சிறிய கோப்பு. ஒரு நொடியில் நகலாகிவிட்டது.

"ஒருவாட்டி இங்கயே தெறந்து பாத்துடு. அப்புறம் வேற ஏதாவது இல்லன்னு திரும்ப ஓடி வருவ" என்றார் வீணா அக்கா.

அம்மாவின் பாட்டு ஒன்றை அந்தக் கணினியில் திறந்தேன். தமிழ் வந்தது. கறுப்பில் வெள்ளை.

"லைன் எல்லாம் தாறுமாறா ஒடஞ்சிருக்குக்கா" என்றேன். சபையில் பார்த்தபோதெல்லாம் இது என் கண்ணை உறுத்தியிருக்கிறது. புத்தகத்தில் ஒரே அடியாக இருப்பது இதில் மூன்று துண்டாக இருக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு சொல் மட்டும் இருக்கும். "இதை எல்லாம் புது எழுத்துக்கு மாத்தும்போது லைனையும் ஒழுங்கா சேத்துடலாம்னு இருக்கேன். ஒரு சின்ன புரோகிராம் போதும்."

"ஏய், அத மட்டும் செய்யாத." வீணா அக்கா என் கையைத் தட்டினார். "அது ஒடஞ்சது இல்ல. ஒடச்சது. லஞ்ச் டைம்ல நாங்கல்லாம் தலைய சாய்ச்சிருப்போம். உங்கம்மா மட்டும் இதே ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்துக்கினு, சத்தமே இல்லாம வாய ஆட்டுவாங்க. பொம்ம மாதிரி. ஒருநாள் கேட்டேன், இன்னாக்கா, ஜெபமா? 'இல்லடி, எங்க வீட்டுக்காரரு இந்த எடத்துல மூச்சு விடுவாரு'ன்னாங்க. மூச்சு விடற எடத்துல லைன் ஒடையணுமாம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு பக்கமான்னு நான் சிரிச்சேன். 'அங்க அவருக்கு இருமல் வரும்'னாங்க."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுவறதுன்னா வெளிய போய் அழு. ஓனர் வர்றாரு" என்றார் வீணா அக்கா.

வீட்டுக்கு வந்து ஃபாண்டை அதன் இடத்தில் போட்டேன். எல்லாப் பாட்டுகளும் விழித்துக்கொண்டன. அப்பாவைக் கூப்பிட்டுச் சுவரில் காட்டினேன். அவர் படித்தார். உதடு அசைந்தது. வரி உடைந்த இடத்தில் மூச்சு விட்டார். அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு என்று கேட்டார். இரண்டு சொல் மட்டும் உள்ள பக்கம் வந்தது. இருமினார்.

புத்தகத்தை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, "உங்கம்மா நல்லா அடிச்சிருக்கா" என்றார்.

ஞாயிறு. லேப்டாப்பை முன்வரிசை ஓரத்தில் அம்மாவின் சிறிய மேசையில் வைத்தேன். கேபிளைச் செருகினேன். திரையில் முதல் பாட்டு விழுந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "ஹெலன் எழுத்து வந்துடுச்சு" என்றார். கையெழுத்தைச் சொல்வது போல.

டென்சில் வாசிக்கத் தொடங்கினான். நான் அவன் விரல்களைப் பார்த்து, தாளம் தப்பாமல் பக்கங்களை மாற்றினேன். லேப்டாப் எங்கும் தடுமாறவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இரண்டாவது சரணத்தில் அப்பாவைப் பார்த்தேன். வாய் பாதி திறந்திருந்தது. கண் திரையில் எதையோ துரத்திக்கொண்டிருந்தது. பிறகு வாய் மூடியது. கை மடியில் புத்தகத்தைத் தேடியது. புத்தகத்தை அவர் கொண்டுவரவில்லை.

பாட்டு முடிந்து, பாஸ்டர் வேதம் வாசித்தார். டென்சில் கீபோர்டுக்கு மேலாகக் குனிந்து என்னிடம் கிசுகிசுத்தான்.

"மச்சா, நீ ஏன் என் கையப் பாக்கற?"

"பீட்டுக்கு மாத்த வேணாமா?"

"உங்கம்மா என்னைப் பாத்ததே இல்லடா. உங்கப்பா வாயத்தான் பாப்பாங்க. அவரு அந்த லைன முடிச்சா ஸ்லைடு மாறும். ஸ்லைடு மாறினா நான் வாசிப்பேன். நான் வாசிச்சா சபை பாடும்."

"எப்பவுமா?"

"எப்பவும். பாஸ்டருக்கே தெரியும். மொதல்ல ரெண்டு மூணு பேரு ஸ்லோன்னு சொன்னாங்க. அப்புறம் பழகிடுச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கா?" டென்சில் சிரிப்பை அடக்கினான். "அவரு என்னைத் தட்டிக் குடுத்துட்டுப் போவாரு. 'பெங்களூருல நீ ஒருத்தன்தான்டா ஒழுங்கா வாசிக்கற'ன்னு."

அடுத்த பாட்டு வந்தது. மேசையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அம்மா ஏன் அதை எப்போதும் கோணலாகப் போட்டிருந்தார் என்பது அப்போது தெரிந்தது. அங்கிருந்து திரை சரியாகத் தெரியாது. அப்பாவின் முகம் தெரியும்.

முதல் வரி. அப்பா நம்பிக்கை இல்லாமல் வாயைத் திறந்தார். பாடினார். முடித்தார். மூச்சு விட்டார். நான் விசையைத் தட்டினேன். டென்சில் திரையைப் பார்த்து அடுத்த வரிக்குப் போனான். சபை காத்திருந்து பின்னால் வந்தது. இரண்டாவது வரியில் அப்பாவின் தோள் இறங்கியது. மூன்றாவதில் குரல் ஏறியது. சரணத்தில் அவர் எல்லோருக்கும் மேலே இருந்தார், மெட்டுக்குக் கொஞ்சம் வெளியே. இரண்டு சொல் உள்ள பக்கத்தில் இருமினார். சபை முழுவதும் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவசரப்படவில்லை.

ஆராதனை முடிந்ததும் கமிட்டியார் உள்ளே போய் உடனே வெளியே வந்தார்கள். "டிவி சண்டே ஸ்கூல் பசங்களுக்கு" என்றார் பாஸ்டர். "நீங்க வாரா வாரம் வரணும், சுனில். அதுதான் கண்டிஷன்."

அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டும்போது அவரிடம் பேச முடியாது, முகம் தெரியாது. அவர் மட்டும் பேசுவார். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

"மொத பாட்டுதான் பஸ் பிடிக்கிற மாதிரி போச்சு. இன்னாடா, நம்ம சபையும் கெட்டுடுச்சான்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் சரியாயிட்டாங்க."

நான் திரும்பி, அவருக்குத் தெரியும்படி சொன்னேன்.

"ஆமாம்பா. சரியாயிட்டாங்க."